பன்னிரண்டு நத்தைகளின் வருகைப் பதிவேடு

என் மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தோட்டத்துச் சிற்றுயிர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்காக நீ எழுதிய கையேடு, நாற்பத்தெட்டுப் பக்கம். அதோடு, படங்கள் தேர்ந்தெடுப்பதற்காக உன் மாணவர்களின் நோட்டுப்புத்தகங்கள் ஆறு. "எழுத்துப்பிழை மட்டும் பாருங்கம்மா, கருத்து வேண்டாம்" என்று மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தாய். நாற்பது வருடத்துக்கு மேல் என்னை அறிந்தவள் நீ. அந்த இரண்டாவது பாதி நடக்காது என்று உனக்கே தெரியும். கண்புரை எடுத்த பிறகு எனக்கு எழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது. மூன்று நாளில் முடித்துவிட்டேன். ஒற்றுப்பிழைகள் இருபத்தாறு. ஒரு பக்கத்தில் மரவட்டையைப் பூச்சி என்று எழுதிவிட்டாய். பூச்சிக்கு ஆறு கால்தான் என்று நாலு பக்கம் தள்ளி நீயே சொல்கிறாய். எல்லாவற்றையும் பென்சிலால் ஓரத்தில் குறித்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும் என் பென்சில் படவில்லை. அதில் ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆனால் கையேட்டிலேயே பெரிய பிழை அங்கேதான் இருக்கிறது. அது உன்னுடைய பிழை அல்ல, என்னுடையது. அடுத்த வாரச் சனிக்கிழமை பள்ளிக் கண்காட்சியில் அந்தப் பக்கத்தைத்தான் பெற்றோர்கள் முன் வாசிக்கப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் பாதியில் "சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுவேன். படித்த பிறகு நீ இதை யாருக்குக் காட்டினாலும் எனக்கு மறுப்பில்லை.

முதலில் நீ வேண்டாம் என்ற கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கையேடு நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று நான் எத்தனை முறை உன்னிடம் சொல்லியிருக்கிறேன் என்று நீ விரல்விட்டு எண்ணலாம். நான் படித்த கான்வென்ட்டில் திங்கட்கிழமைதோறும் நகச்சோதனை. வரிசையில் நின்று இரு கைகளையும் நீட்ட வேண்டும். நகக்கண்ணில் கறுப்பு தெரிந்தால் அடிமட்டத்தால் விரல் முட்டியில் ஓர் அடி. அந்தப் பழக்கத்தோடுதான் பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதும் கிராணியாகச் சேர்ந்தேன், கல்யாணம் செய்தேன், உன்னை வளர்த்தேன். உன் நகங்களை நான் பார்க்காத நாள் கிடையாது. அதனால்தான், பட்டம் வாங்கிவிட்டு சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கு நீயாகவே கேட்டுக்கொண்டு போனபோது, "மண்ணைக் கிளறவா இவ்வளவு படிச்ச?" என்று கேட்டேன். உன் அப்பா அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டியவர். என் கேள்வி அவர் காதிலும் விழுந்தது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

போன வருடம் என்னை உன் பள்ளிக்குக் கூட்டிப் போனாயே, அந்தச் சனிக்கிழமையைப் பற்றி உனக்குச் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன். பழைய கூரை ஓடுகளையும் காய்ந்த மூங்கில் துண்டுகளையும் அடுக்கிப் பிள்ளைகள் பூச்சிகளுக்கு வீடு கட்டியிருந்தார்கள். கண்ணாடிப் போத்தலில் மண்ணும் மணலும் மாறிமாறிப் போட்டு மண்புழு விட்டிருந்தார்கள். அது மேலும் கீழும் போய் இரண்டையும் கலந்துவிட்டிருந்தது. கொய்யா மரத்தடியில் ஒரு வெள்ளை வேட்டியை நாலு பேர் நாலு மூலையில் பிடித்திருக்க, ஒரு பையன் கிளையை உலுக்கினான். அது உன் அப்பாவின் வேட்டி. கரையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறாய் என்று முதலில் முகம் சுருங்கியது. அவர் இருந்திருந்தால் அவரே கொண்டுவந்து விரித்திருப்பார் என்று பிறகு தோன்றியது.

"டீச்சர், விழுந்துருச்சு, பச்சையா ஒன்னு விழுந்துருச்சு."

"தொடாதடா. மொதல்ல எழுது, அப்புறம் பாரு."

"பாக்காம எப்படி டீச்சர் எழுதுறது?"

"சரி லா, நீ சொல்றதுதான் சரி. பாரு, பாத்த உடனே எழுது" என்றாய். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஒரு வாண்டு என்னிடம் வந்து, "பாட்டி, காலத் தூக்குங்க, கீழ மரவட்டை போவுது" என்றான். என் வாழ்நாளில் ஒரு மரவட்டைக்கு வழிவிட்டது அன்றுதான். மாணவன் முன்னால் தன் தவறை ஒப்புக்கொள்ள என் காலத்து ஆசிரியர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்கு அது எங்கிருந்து வந்தது என்று காரில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். என்னிடமிருந்து இல்லை, அது நிச்சயம்.

அன்று தொழிற்சாலைச் சீருடையோடு, பை தோளில் தொங்க, ஓர் அம்மா வந்தாரே. மூன்றாம் ஆண்டு தர்ஷினியின் அம்மா. வேலை முடிந்து நேராக வந்திருந்தார். "டீச்சர், எங்கம்மா ஆயுசு முழுக்க மண்ணுலயே கெடந்துச்சு. அதுலேர்ந்து வெளிய வரத்தான் நான் பேக்டரிக்குப் போனேன். நீங்க என் புள்ளய மறுபடியும் மண்ணுல குப்புறப் படுக்க வைக்கிறீங்க. நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். நான் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. நீ வாதாடவில்லை. "அக்கா, இந்தக் குழிய ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் திட்டுங்க" என்று பூதக்கண்ணாடியை நீட்டினாய். பள்ளிக் கூரை ஓரத்தில், மழை படாத மணலில், புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள்.

"இதா? இது குழியானை லா. இதப் பாக்கக் கண்ணாடி வேறயா. நவுரு."

பையைக்கூட இறக்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு புல்லைக் கிள்ளிக் குழியில் மெதுவாக ஆட்டினார். பொடி மணலோடு ஒன்றை உள்ளங்கையில் அள்ளினார். பிள்ளைகள் எல்லாரும் அவரை மொய்த்துக்கொண்டார்கள். தர்ஷினி மட்டும் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"அம்மா, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குடி தெரியும்? பாரு, முன்னால போவாது. ரிவர்ஸ் கியர் மட்டுந்தான்."

ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவர் எழுந்தார். அந்தப் பிள்ளையின் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் பார்த்தேன். அதே பெருமை எனக்கு உன்மேல் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் நான் சொன்னது, "பாவாடை பூராவும் சேறு, முதல்ல ஊறப்போடு" என்பது மட்டும். பெருமையாக இருந்தது என்பதை இப்போது, ஒரு வருடம் கழித்து, எழுத்தில் சொல்கிறேன். நீ உன் பிள்ளைகளிடம் இப்படி ஒத்திப்போடாதே. அன்றைக்குத் தோன்றியதை அன்றைக்கே சொல்லிவிடு.

இனி மூன்றாம் பக்கம். தெங்கேரா வாடகை வீட்டைவிட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு நாம் குடிவந்த வருடம். உனக்கு ஒன்பது வயது. பின்கட்டில் சிமெண்ட் தரை, லோங்காங் வாய்க்கால், அதன் ஓரத்தில் நான் வரிசையாக வைத்த ஆர்க்கிட் தொட்டிகள். ஒரு நாள் காலை சுவரில் ஒட்டியிருந்த நத்தையைக் காட்டி, "அம்மா, இது நேத்து வந்ததா, புதுசா?" என்று கேட்டாய். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, யாருக்குத் தெரியும்" என்றேன். "அப்ப நம்பர் போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். தட்டச்சுப் பிழையை மறைக்க நான் அலுவலகத்தில் வைத்திருக்கும் வெள்ளை மைக் குப்பியை என் பையிலிருந்து எடுத்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பன்னிரண்டு ஓடுகளில் எழுதினாய். நான் கத்தினேன். உன் அப்பா, "விடு, நத்தைக்கெல்லாம் பாப்பா ஐ.சி. கார்டு நம்பர் போட்டுக் குடுக்குறா, அரசாங்கம் செய்யாத வேல" என்று சிரித்தார்.

பிறகு நீ செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். நோட்டுப்புத்தகத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, என் பள்ளி வருகைப் பதிவேடு மாதிரியே ஒரு பதிவேடு தயாரித்தாய். வந்தால் சாய்கோடு, வராவிட்டால் வட்டம். பள்ளி விடுமுறை முழுக்கத் தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு கணக்கெடுப்பு. நாலாம் எண் எப்போதும் தாமதம். பதினொன்று தண்ணீர்க் குழாயைவிட்டு நகராது. எங்கே போனாலும் விடிவதற்குள் அதே தொட்டிகளின் அடியில் திரும்பிவந்து ஒட்டிக்கொள்கின்றன என்பதை ஒன்பது வயதில், யாரும் சொல்லித்தராமல், நீயே கண்டுபிடித்தாய். அதைப் பாராட்டினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். பத்திக் கோடுகள் நேராக இருக்கின்றன என்று சொன்ன ஞாபகம்.

அந்தத் தீபாவளிக்கு முதல்முறையாக நாம் திறந்த இல்ல உபசரிப்பு வைத்தோம். புது வீடு. தலைமையாசிரியர், அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் வருவதாக இருந்தார்கள். பின்கட்டு ஆர்க்கிட்டுகளைக் காட்ட வேண்டும் என்று மூன்று மாதமாக ஆசைப்பட்டு வளர்த்தேன். இரண்டு நாள் முன்னதாக, மத்தியானம், நீயும் அப்பாவும் சாமான் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது தொட்டிகளைத் துடைக்கப் போனேன். இருந்ததிலேயே நல்ல கொத்தின் மொட்டுகளை நத்தைகள் அரித்திருந்தன. சிமெண்ட் முழுக்கப் பிசுபிசுவென்று தடம். நேராகச் சமையலறைக்குப் போய் உப்புப் பாத்திரத்தை எடுத்துவந்தேன். தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அடியிலும் குழாயோரத்திலும் இருந்தவற்றின்மேல் கைநிறைய அள்ளிப் போட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று எழுத என் கை வரவில்லை. எண்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. நாலு, பதினொன்று, ஏழு. ஏழின் நடுவில் நீ ஒரு குறுக்குக்கோடு போட்டிருந்தாய், ஒன்றோடு குழம்பாமல் இருக்க நான் உனக்குச் சொல்லித்தந்த கோடு. அதைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. பன்னிரண்டையும் வாரி, பழைய நாளிதழில் சுருட்டிக் குப்பையில் போட்டேன். உன் அப்பா திரும்பி வந்ததும் தரையில் நுரைத்துக் காய்ந்திருந்ததைப் பார்த்தார். குழாயை எடுத்துக் கழுவிவிட்டார். உன்னை முன்கட்டுக்கு அனுப்பிவிட்டு, "சொல்லிரு. பாப்பா அழும். அழுதுட்டுப் போவட்டும்" என்றார். "தீபாவளி முடியட்டும்" என்றேன்.

மறுநாள் காலை நான் எண்ணெயில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். நீ நோட்டோடு வந்து நின்றாய். "அம்மா, ஒன்னுகூட இல்ல. எங்க போச்சும்மா?" நான் திரும்பிப் பார்க்கவில்லை. "மழை வரப்போவுதுல்ல, கூட்டமா வேற எடத்துக்குப் போயிருக்கும்" என்றேன். அன்று சாயங்காலமே மழை கொட்டியது. மழை மட்டும் வராமல் இருந்திருந்தால் நீ என்னை நம்பியிருக்க மாட்டாய், விடாமல் கேட்டிருப்பாய், நானும் சொல்லியிருப்பேன். விருந்துக்கு வந்த தலைமையாசிரியர் மிச்சமிருந்த கொத்துகளைப் பார்த்துவிட்டு, "எப்படி இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன்.

நீ பதிவேட்டை மூடவில்லை. பத்தொன்பது நாள், தினமும் காலையில் போய்ப் பார்த்து, பன்னிரண்டு வட்டம் போட்டாய். கடைசி நாள், "மழைக்கு முன் நத்தைகள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும்" என்று ஒரு முடிவு எழுதி என்னிடம் காட்டினாய். அதில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது, திருத்திக் கொடுத்தேன். நான் சொன்ன பொய்க்கு நானே பிழை திருத்தினேன், மகளே.

உனக்கு ஆசிரியர் நியமனக் கடிதம் வந்த அன்று உன் அப்பா, "நத்த விசயம் சொல்லிட்டியா?" என்று கேட்டார். "அதெல்லாம் அவ மறந்திருப்பா" என்றேன். "அவளும் மறக்கல, நீயும் மறக்கல" என்று சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆறு வருடத்துக்கு முன் போய்ச் சேரும்வரை அவராக உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான் என்று விட்டுவைத்தார். சில காலம் எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்: அந்த நத்தைகள் காணாமல் போனதால்தானே இவள் இந்த வழிக்கு வந்தாள் என்று. அது வெறும் சாக்கு. உன்னை இந்த வழிக்குக் கொண்டுவந்தது நீ போட்ட எண்கள். என் உப்புக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

இந்தச் சாக்கோடு நான் கண்ணை மூடியிருப்பேன். அப்படி விடாமல் தடுத்தது தர்ஷினியின் நோட்டு. கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் உன் பன்னிரண்டு நத்தைகளின் கதையைச் சொல்லி, "உங்கள் நத்தைகளுக்கும் எண் போடுங்கள், மழைக்கு முன் அவை கூட்டமாகக் கிளம்புவதைக் கவனியுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். ஆறு பிள்ளைகளும் பள்ளி மதிலோரம் வாழைப் புதரடியில் நத்தைகளுக்கு எண் போட்டுக் கவனித்திருக்கிறார்கள். ஒருவன், "டீச்சர் சொன்ன மாதிரி போகவில்லை, எங்கள் நத்தைகளுக்குச் சோம்பல்" என்று எழுதியிருக்கிறான், படித்துச் சிரித்துவிட்டேன். தர்ஷினி வேறு மாதிரி. அவள் எண் போட்டவை ஒன்பது. ஒவ்வொரு நாளும் "ஒன்பதும் இருக்கு" என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். மழை பெய்த நாளின் பக்கத்தில் தாள் மெலிந்து, நார் கிளம்பி இருக்கிறது. அழித்திருக்கிறாள். மேலே, "எல்லாம் போய்விட்டன" என்று எழுதியிருக்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்துப் பார்த்தேன். அடியில் பென்சில் அழுந்திய தடம் தெரிந்தது: ஒன்பதும் இருக்கு. அந்தப் பிள்ளை கண்ணால் சரியாகப் பார்த்தாள். பார்த்ததைவிட டீச்சரின் கதை பெரியது என்று நினைத்து, பார்த்ததை அழித்துவிட்டாள். ஓரத்தில் உன் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். "மிக நன்று" என்று கீழே எழுதியிருக்கிறாய்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் நீ எதிர்பார்த்துக் காத்திருந்த ஒன்றை ஒரு பிள்ளை எழுதிக் காட்டினால், யாருக்குமே தாளின் நார் கண்ணில் படாது. ஆனால் நான் உப்புப் போட்டது பன்னிரண்டு நத்தைகளோடு முடிந்துவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது சுங்கை ரம்பாய் வரைக்கும் போய், ஒன்பது பத்து வயதுப் பிள்ளையின் நோட்டில் ஓட்டை போட்டிருக்கிறது. மண்ணைப் பார்த்து முகம் சுளித்து, பிறகு ஒரு மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்த அந்த அம்மாவின் பிள்ளை அது.

நான் கிராணியாகச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லித்தந்த முறை ஒன்று உண்டு, உனக்கும் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டில் தவறு நேர்ந்தால் அழிப்பானைத் தொடக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படியாக. மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். நேற்று அலமாரியில் பிறப்புப் பத்திரங்களோடு வைத்திருந்த உன் பழைய நோட்டை எடுத்தேன். பத்தொன்பது நாள் வட்டங்களின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தேன். முதல் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது, பொறுத்துக்கொள். மேலே, "பன்னிரண்டும் இறந்தன. உப்புப் போட்டது அம்மா" என்று எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். நோட்டு இந்தக் கட்டிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய நாட்களின் சாய்கோடுகள் ஒன்றுகூடத் தப்பில்லை. அவற்றை வைத்து மூன்றாம் பக்கத்தைப் புதிதாக எழுது: நத்தை தன் இடத்துக்குத் திரும்பி வரும். அதை நீ ஒன்பது வயதில் கண்டுபிடித்தாய், தர்ஷினியும் கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்குப் போட்ட "மிக நன்று"வின்மேலும் நீ ஒரு சிவப்புக் கோடு இழுக்க வேண்டியிருக்கும். அழிக்காதே. அவள் பார்க்கும்படி இழு, ஒப்பமிடு.

கோபம் வந்தால் கோபப்படு. அதற்கு உனக்கு எல்லா உரிமையும் உண்டு. நான் பதில் பேசமாட்டேன், அதுவே உனக்குப் புதுமையாக இருக்கும். ஆனால் சனிக்கிழமை காலை ஏழரைக்கு நான் வாசலில் தயாராக நிற்பேன். நீ வராவிட்டால் பஸ் பிடித்து வருவேன். கண்காட்சியில் அந்தக் கதையை நீ வாசிக்க வேண்டாம். நடந்தபடி நானே சொல்கிறேன். தர்ஷினியும் அவள் அம்மாவும் முன்வரிசையில் உட்காரட்டும். சொல்லி முடித்ததும், அத்தனை பேர் முன்னால் அந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: மழை பெய்த அன்று காலையில் உன் நத்தைகள் எத்தனை இருந்தன? நீ குறுக்கே பேசாதே, அவளுக்கு எடுத்துக் கொடுக்காதே. அவள் வாயால் ஒன்பது என்று சொல்லும்வரை நான் நின்றுகொண்டே காத்திருப்பேன்.

அம்மா